மறைகுறிக் கோப்பில் ஒரு பிழை: கண்டறிதலும் அறிவித்தலும்

பெங்களூரின் தென்கோடியில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள எலெக்ட்ரானிக் சிட்டியின் அஞ்சலகம், வருமான வரி செலுத்துவோர் பலருக்கும் முகவரி வாயிலாக அறிமுகமானதாகும். மின்வழியே வரிக் கணக்கைத் தாக்கல் செய்தவர்கள், கையெழுத்திட்ட ஒப்புகைப் படிவத்தைப் பல ஆண்டுகளாக அங்கேயே அனுப்பி வந்தனர். வருமான வரித் துறையின் மத்தியச் செயலாக்க மையம் 2009-ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்டமையே இதற்குக் காரணம். படிவம் அஞ்சலில் வந்தது, கணக்கோ, எக்ஸ்.எம்.எல். எனப்படும் வடிவில் கணிப்பொறி வழியே வந்து சேர்ந்தது. 2021-22 மதிப்பீட்டு ஆண்டிலிருந்துதான் அதன் இடத்தை ஜேசன் என்னும் வேறொரு வடிவம் பெற்றது.

இதே நகரில் ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்ப மையமும் அமைந்துள்ளது. ஆதார் வழியே ஒருவரின் அடையாளத்தைச் சரிபார்க்கக் கோரும் விண்ணப்பத்துக்கு ஆணையம் வகுத்த வடிவமும் எக்ஸ்.எம்.எல். தான். அதனுள் வைக்கப்படும் தனிநபர் விவரம் 256 பிட் திறவுகோலால் மறைகுறியாக்கம் செய்யப்படுகிறது. அத்திறவுகோலே, ஆணையத்தின் 2,048 பிட் பொதுத் திறவுகோலால் மறுபடியும் பூட்டப்படுகிறது. விண்ணப்பம் முழுவதன் மீதும் மின்னணுக் கையொப்பம் இடப்படுகிறது. 2018-ல் தொடங்கப்பட்ட இணையமில்லா அடையாளச் சான்றும், ஆணையத்தின் கையொப்பம் தாங்கிய எக்ஸ்.எம்.எல். கோப்பாகவே வழங்கப்பட்டது.

இத்தகைய கோப்புகளைத் திறந்து படிக்கும் நிரலை ஒவ்வோர் அலுவலகமும் தானே எழுதிக்கொள்வதில்லை. அவ்வாறு எழுத முற்படுவது விரும்பத்தக்கதும் அன்று. உலகெங்கும் உள்ள நிரலாளர்கள் எழுதி, மூல நிரலை யாவரும் காணும்படி வெளியிட்டுள்ள நிரல் நூலகங்கள் பல உள்ளன. வங்கிகள், அரசுத் துறைகள், மருத்துவமனைகள் ஆகிய யாவும் பெரும்பாலும் இவற்றையே பயன்படுத்துகின்றன. ஆகவே, இந்நூலகங்களுள் ஒன்றில் பிழை இருப்பின் அது ஓர் அலுவலகத்தின் பிழையாக நின்றுவிடுவதில்லை. அதைக் கண்டவர் தம் கணிப்பொறியில் உள்ள படியை மட்டும் திருத்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டால், மற்ற எல்லா இடங்களிலும் அப்பிழை அப்படியே நீடிக்கும்.

பகுத்தல் என்பது யாது?

எக்ஸ்.எம்.எல். என்பது விவரங்களுக்குப் பெயரிட்டு அடுக்கும் முறையாகும். கோண அடைப்புக்குள் ஒரு குறிச்சொல், அதன்பின் விவரம், அதை மூடும் குறிச்சொல் என்பதே அதன் அமைப்பு. உலக வலைத்தளக் கூட்டமைப்பு 1998 பிப்ரவரியில் இதற்கு நிர்ணயம் வகுத்தது. கோப்பை எழுத்தெழுத்தாகப் படித்து, எது குறிச்சொல், எது விவரம், எது வெறும் குறிப்புரை எனப் பிரித்துக் கொடுக்கும் நிரலுக்குப் பகுப்பி என்று பெயர். அலுவலகத்தில் தபாலைப் பிரித்து, கடிதம் எது, இணைப்பு எது என்று வகைப்படுத்தி உரிய மேசைக்கு அனுப்பும் எழுத்தரின் வேலையே பகுப்பியின் வேலையும். அவர் ஓர் இணைப்பைக் கவனியாமல் விட்டால், மேலுள்ள அதிகாரி எவ்வளவு கூர்ந்து படித்தும் பயனில்லை.

ஒரே கோப்பை இரு பகுப்பிகள் இருவேறு விதமாகப் படிக்கக்கூடும் என்பதற்குத் தமிழிலிருந்தே சான்று காட்டலாம். குறிச்சொற்களைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலர் அறியாதது. எக்ஸ்.எம்.எல். 1.0 நிர்ணயத்தின் முதல் நான்கு பதிப்புகள், குறிச்சொல்லில் வரத்தக்க எழுத்துகளைப் பட்டியலிட்டன. தமிழ் எழுத்துகளும் அதில் இருந்தன. ஆனால் 'ஶ' இல்லை. அவ்வெழுத்து யூனிகோடில் சேர்க்கப்பட்டதே 2005-ல் வெளிவந்த 4.1 பதிப்பில்தான். 2008 நவம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பு, இந்த வரம்பைத் தளர்த்தியது. எனவே 'ஶ' என்னும் எழுத்தைக் கொண்ட குறிச்சொல்லைப் பழைய விதிப்படி எழுதப்பட்ட பகுப்பி பிழையெனத் தள்ளும். புதிய விதிப்படி எழுதப்பட்டது ஏற்கும். இரண்டும் தத்தம் பதிப்பின்படி சரியே!

மணியும் மணிமாறனும்

இத்தகைய வேறுபாடு வெறும் இலக்கணச் சிக்கலாக நிற்கும்வரை கேடில்லை. கையொப்பமும் மறைகுறியும் சேரும்போதுதான் அது ஆபத்தாகிறது. 2018 பிப்ரவரியில் வெளியான ஒரு கண்டுபிடிப்பு இதற்கு நல்ல பாடமாகும். பல இணையச் சேவைகளுக்குள் ஒரே நுழைவில் செல்ல உதவும் சாமல் என்னும் முறையில், "இவர் இன்னார்" என்று சான்றளிக்கும் எக்ஸ்.எம்.எல். கடிதம் ஒன்று கையொப்பத்துடன் அனுப்பப்படுகிறது. கையொப்பத்தைச் சரிபார்ப்பதற்குமுன் கோப்பு ஒரு சீர்வடிவுக்குக் கொண்டுவரப்படும். அப்போது குறிப்புரைகள் நீக்கப்படுவது வழக்கம்.

ஒரு சேவையில் 'மணி' என்றொருவரும் 'மணிமாறன்' என்றொருவரும் கணக்கு வைத்துள்ளதாகக் கொள்வோம். மணிமாறன் தமக்கு முறைப்படி வழங்கப்பட்ட சான்றில், 'மணி' என்பதற்கும் 'மாறன்' என்பதற்கும் இடையே ஒரு வெற்றுக் குறிப்புரையைச் செருகிவிடுகிறார். சீர்வடிவில் குறிப்புரை மறைந்துவிடுவதால் கையொப்பம் சரியாகவே பொருந்துகிறது. அதன்பின் பெயரை எடுத்துக் கொடுக்கும் நிரலோ, குறிப்புரை குறுக்கிட்ட இடத்தில் சொல் முடிந்ததாகக் கருதி, 'மணி' என்று மட்டும் கொடுத்துவிடுகிறது. மணிமாறன், மணியின் கணக்கினுள் நுழைகிறார். எந்தத் திறவுகோலும் திருடப்படவில்லை. எந்த மறைகுறியும் உடைக்கப்படவில்லை. பைத்தான், ரூபி உள்ளிட்ட பல மொழிகளில் எழுதப்பட்ட, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூலகங்கள் பலவற்றில் இதே பிழை இருந்தது. அவை ஒவ்வொன்றின் பராமரிப்பாளருக்கும் தனித்தனியே அறிவிக்கப்பட்டு, திருத்தங்கள் ஆயத்தமான பின்னரே செய்தி வெளியிடப்பட்டது.

ஏழாண்டுகளுக்குப் பின், 2025 மார்ச்சில், இப்பிழையின் உறவுமுறை ஒன்று வெளிப்பட்டது. ரூபி மொழிக்கான சாமல் நூலகம், கையொப்பம் சரிபார்க்கும் ஒரே வேலையில் இரு பகுப்பிகளைப் பயன்படுத்தி வந்தது. அவை ஒரே கோப்பை வேறுவேறாகப் படிக்கும்படி செய்ய முடிந்ததால், ஒன்று பார்த்த பகுதியின் கையொப்பம், மற்றொன்று பார்த்த பகுதிக்குச் சான்றாயிற்று.

மறுப்பே விடையானபோது

மறைகுறியாக்கத்துக்கும் பகுத்தலுக்கும் உள்ள உறவை இன்னும் நேரடியாகக் காட்டியது 2011-ஆம் ஆண்டு ஆய்வாகும். எக்ஸ்.எம்.எல். மறைகுறியாக்க நிர்ணயம் 2002 டிசம்பரில் ஏற்கப்பட்டது. ஜெர்மனியின் போகும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிபோர் யாகர், யுராய் சொமோரோவ்ஸ்கி ஆகிய இருவரும், அந்நிர்ணயத்தின் வழக்கமான ஒரு முறையில் அமைந்த செய்தியைத் திறவுகோல் இன்றியே படிக்கலாம் என்று நிறுவினர்.

அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. மறைகுறியிட்ட செய்தியைச் சிறிது மாற்றிச் சேவைக் கணிப்பொறிக்கு அனுப்புவது. அது மறைகுறியை நீக்கிப் பகுத்துப் பார்க்கும். பகுக்க இயலாத எழுத்து அகப்பட்டால் பிழைச்செய்தி திருப்பி அனுப்பும். பிழைச்செய்தி வருகிறதா, வரவில்லையா என்ற ஒன்றைக்கொண்டே உள்ளிருப்பதைச் சிறிது சிறிதாக ஊகித்துவிடலாம். ஒரு பைட்டுக்குச் சராசரியாக 14 முயற்சிகளே தேவைப்பட்டன. கேள்விக்கு விடை சொல்ல மறுத்த காவலாளி, மறுக்கும் முறையாலேயே விடையைச் சொல்லிவிட்ட கதை இது. 2013 ஏப்ரலில் ஏற்கப்பட்ட நிர்ணயத்தின் 1.1 பதிப்பில், செய்தி மாற்றப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சரிபார்க்கும் ஜி.சி.எம். முறை இடம்பெற்றது.

ஆயினும் புதிய முறையிலும் பகுத்தல் பிழைக்கு இடமுண்டு. ஜி.சி.எம். முறையில் மறைகுறியிட்ட விவரத்தின் முதல் 12 பைட்டுகள் தொடக்க மதிப்பாகவும், கடைசி 16 பைட்டுகள் சரிபார்ப்பு முத்திரையாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆக, உள்ளே எதுவுமே இல்லாவிடினும் 28 பைட்டுகள் கட்டாயம் இருக்க வேண்டும். பிரித்தெடுக்கும் நிரல் இந்நீளத்தைச் சரிபாராமல், "கடைசியில் உள்ளது எதுவோ அதுவே முத்திரை" என்று எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முழு முத்திரையை ஊகிப்பதற்குள்ள வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கங்கள் கொண்டது. ஒரே பைட்டாகக் குறுகிய முத்திரைக்கோ 256 வாய்ப்புகளே. ஒரு பொழுதுக்குள் ஒரு மாணவரே முயன்று பார்த்துவிடலாம்.

அறிக்கை எழுதும் முறை

அலுவலகக் கணிப்பொறிப் பிரிவில் பணிபுரியும் ஒருவர் இத்தகைய பிழையை எவ்வாறு எதிர்ப்படுகிறார்? பெரும்பாலும் தற்செயலாகத்தான். நாள்தோறும் வரும் ஆயிரக்கணக்கான கோப்புகளில் ஒன்று நிரலை நிலைகுலையச் செய்கிறது. அல்லது, தள்ளப்பட வேண்டிய கோப்பு ஒன்று ஏற்கப்பட்டுவிடுகிறது. பின்னது கண்ணில் படுவது அரிது. ஆனால் அதுவே கூடுதல் கேடு விளைவிப்பது.

முதல் வேலை, பிழையை உண்டாக்கும் மிகச் சிறிய கோப்பைக் கண்டுபிடிப்பதாகும். 4,000 வரிகள் கொண்ட கோப்பில் ஒரு வரியே பிழைக்குக் காரணம் என்றால், அதைப் பாதியாக வெட்டி, எப்பாதியில் பிழை தொடர்கிறது என்று பார்த்து, அப்பாதியை மீண்டும் வெட்ட வேண்டும். பன்னிரண்டு முறை வெட்டினால் ஒரே வரியில் வந்து நிற்கலாம். எக்ஸ்.எம்.எல். கோப்பில் திறக்கும் குறிச்சொல்லையும் மூடும் குறிச்சொல்லையும் சேர்த்தே நீக்க வேண்டும் என்பதால், வேலை சற்று நிதானம் வேண்டுவது. மேலே கூறிய முத்திரைப் பிழைக்கு இறுதியில் எஞ்சுவது, நான்கைந்து குறிச்சொற்களும், வழக்கமான 64-எழுத்து முறையில் எழுதப்பட்ட, 40 எழுத்துகளுக்குக் குறைந்த ஒரு சரமும் மட்டுமே. 28 பைட்டுகளை அம்முறையில் எழுத 40 எழுத்துகள் தேவை. அதற்குக் குறைந்த எதையும் நூலகம் ஏற்கவே கூடாது. இவ்வளவு சிறிய கோப்பைக் காணும் பராமரிப்பாளர், விளக்கத்தைப் படித்து முடிப்பதற்குள்ளேயே பிழையின் இருப்பிடத்தை ஊகித்துவிடுவார்.

இவ்வாறு சுருக்குவதில் மற்றொரு நன்மையும் உண்டு. மக்களின் உண்மை விவரங்கள் தாமாகவே நீங்கிவிடுகின்றன. பிழை காட்டிய கோப்பை அப்படியே வெளிநாட்டில் உள்ள பராமரிப்பாளருக்கு அனுப்பிவிடுவது, உதவி செய்யும் ஆர்வத்தில் பலர் இழைக்கக்கூடிய தவறாகும். அது வரி செலுத்துவோரின் கணக்காகவோ, நோயாளியின் குறிப்பாகவோ இருக்கலாம். அடையாள விவரங்களைப் பகிர்வதை 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சோதனைக்கெனப் புனைந்த பெயரும், சோதனைக்கென உண்டாக்கிய திறவுகோலும் மட்டுமே அறிக்கையில் இடம்பெற வேண்டும். அலுவலகத்தின் உண்மையான திறவுகோலை இணைத்து அனுப்பினால், பிழையைவிட அறிக்கையே பெருங்கேடாகிவிடும்.

அடுத்து, நூலகத்தின் சரியான பதிப்பு எண், இயங்கும் முறைமை, உடன் பயன்படும் பிற நூலகங்களின் பதிப்புகள் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். "அண்மைப் பதிப்பு" என்று எழுதுவது பயனற்றது. படிக்கப்படும் நாளில் அது அண்மையதாக இராது. பின், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்பவற்றை வேறுவேறாகக் கூற வேண்டும். நடந்திருக்க வேண்டியதற்குச் சான்று, அறிவிப்பவரின் கருத்தன்று. நிர்ணயத்தின் உரிய பிரிவாகும். பல அறிக்கைகள் வலுவிழப்பது இவ்விடத்தில்தான். நிர்ணயம் தெளிவின்றி இருப்பின், அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை.

விளைவை மிகைப்படுத்தலும் ஆகாது. நிரல் நின்றுபோகிறது என்பது வேறு. அயலார் உள்ளே நுழைய முடிகிறது என்பது வேறு. முன்னதை மட்டும் கண்டவர் பின்னதைக் கூறினால், அடுத்த முறை அவர் உண்மையைக் கூறும்போதும் ஐயத்துடனேயே படிக்கப்படும். அண்மையில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக்கொண்டு, சோதித்துப் பாராமலேயே எழுதப்படும் பிழையறிக்கைகள் பராமரிப்பாளர்களின் பொழுதை வீணாக்கி வருவது இந்தச் சிக்கலை மேலும் வளர்த்துள்ளது.

எங்கே அனுப்புவது என்பதும் முக்கியமானதாகும். சாதாரணப் பிழைகளை யாவரும் காணும் பதிவேட்டில் எழுதலாம். கையொப்பத்தையோ மறைகுறியையோ பாதிக்கும் பிழையை அங்கே எழுதுவது, வீட்டுப் பூட்டு பழுதென்று தெருவில் தண்டோரா போடுவதற்கு ஒப்பாகும். பெரும்பாலான நூலகங்கள் இதற்கெனத் தனி முகவரியை அறிவித்துள்ளன. அங்கு மறைவாக அறிவித்து, திருத்தத்துக்குக் கால அவகாசம் அளிப்பது மரபு. 90 நாள் என்னும் அளவு பலராலும் கையாளப்படுகிறது. அவகாசம் எல்லையற்றதாக இருப்பின் திருத்தம் தள்ளிப்போகும். மிகக் குறுகியதாக இருப்பின், திருத்தம் வருமுன்னரே தீயோர் முந்திக்கொள்வர்.

சட்டத்தின் நிலை

இந்தியாவில் இப்பணிக்கென உள்ள அமைப்பு, செர்ட்-இன் எனப்படும் கணிப்பொறி அவசரநிலை உதவிக் குழுவாகும். 2004 ஜனவரியில் தொடங்கப்பட்ட இது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் 70-பி பிரிவால் தேசிய அமைப்பாக அங்கீகாரம் பெற்றது. 2021 முதல், உலக அளவில் பாதுகாப்புப் பிழைகளுக்கு இடப்படும் சி.வி.இ. எண்களை வழங்கும் தகுதியும் இதற்கு உண்டு. பராமரிப்பாளர் பதில் தராதபோதும், ஒரே பிழை பல நிறுவனங்களைத் தொடும்போதும், இடையே நின்று ஒருங்கிணைப்பது இதன் பணியாகும்.

அதிகாரிகள் இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிப்பது கட்டாயம். அது நிகழ்ந்துவிட்ட ஊடுருவலைப் பற்றியது. நூலகத்தில் காணப்பட்ட பிழை, எவரும் அதைப் பயன்படுத்தாதவரை, சம்பவம் அன்று. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சி, பிழையையே அறிவியாமல் இருந்துவிடுவது உண்டு.

மாணவர்கள் அறிய வேண்டியது வேறு. திறந்த மூல நூலகத்தைத் தம் கணிப்பொறியில் நிறுவி, தாமே உண்டாக்கிய கோப்புகளால் சோதிப்பதற்கு எவர் அனுமதியும் தேவையில்லை. மூல நிரலை வெளியிட்டதன் நோக்கமே அதுதான். அதே கோப்பை ஓர் அரசு அலுவலகத்தின் சேவைக் கணிப்பொறிக்கு அனுப்பிப் பார்ப்பது முற்றிலும் வேறான செயலாகும். உரிமையாளரின் அனுமதியின்றிக் கணிப்பொறியை அணுகுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் வரும். நேர்மையற்ற அல்லது மோசடியான நோக்கம் மெய்ப்பிக்கப்பட்டால், மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நோக்கம் நல்லதென்று பின்னர் விளக்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது துணிவே தவிர விவேகமன்று. ஆதார் ஆணையம் 2022-ல், தேர்ந்தெடுக்கப்படும் 20 வல்லுநர்களைக்கொண்டு தன் அமைப்பைச் சோதிக்கும் திட்டத்தை அறிவித்தபோது, அது முன்அனுமதி பெற்றவர்களுக்கே உரியதாக இருந்ததை நினைவில் கொள்ளலாம்.

மறுமுனையில் இருப்பவர்

அறிக்கையைப் பெறுபவர் யார் என்பதை அதிகாரிகள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு எழுதும் புகார்க் கடிதத்தின் தொனியிலேயே எழுதிவிடுகின்றனர். லிப்எக்ஸ்எம்எல்2 என்னும் பகுப்பியை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்.எம்.எல். மறைகுறியும் கையொப்பமும் கையாளும் நூலகங்கள் பல இதன்மீதே அமைந்துள்ளன. அது குனோம் திட்டத்துக்காக உருவாக்கப்பட்டது. இன்று எண்ணற்ற கணிப்பொறிகளிலும் கைபேசிகளிலும் இயங்குகிறது. 2025 ஜூனில் அதன் பராமரிப்பாளர், ஊதியம் ஏதுமின்றி உழைக்கும் தன்னார்வலர், ஓர் அறிவிப்பை வெளியிட்டார். பிறர் அனுப்பும் பாதுகாப்பு அறிக்கைகளைக் கவனிப்பதிலேயே வாரந்தோறும் பல மணி நேரம் கழிகிறது என்றும், இனி அவற்றை மறைவாக வைத்து நாள் குறித்துத் திருத்தும் வழக்கத்தைக் கைவிட்டு, ஏனைய பிழைகளைப் போலவே வெளிப்படையாகக் கையாளப்போவதாகவும் அவர் தெரிவித்தார். அவரது நூலகத்தால் பெரும் பொருள் ஈட்டும் நிறுவனங்கள் அறிக்கைகளை அனுப்பினவே தவிர, ஆட்களையோ பணத்தையோ போதிய அளவு அனுப்பவில்லை. அவர்மீது குறை காண்பது எளிது, நியாயமன்று.

பெங்களூரிலிருந்து இதற்கு ஒரு மாற்று முயற்சி தோன்றியுள்ளது. அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெரோதா என்னும் பங்குத் தரகு நிறுவனம், உலகெங்கும் உள்ள திறந்த மூலத் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வழங்கும் நிதியத்தை 2024 அக்டோபரில் தொடங்கியது. அதே எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018-ல் உருப்பெற்ற 'மோசிப்' என்னும் அடையாளத் தளம், பிலிப்பைன்ஸ், மொராக்கோ, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் பயன்படுகிறது. அதன் மூல நிரல் முழுவதும் திறந்தே உள்ளது. பிறரின் பிழைகளை அறிவித்து வந்த நகரம், பிறநாட்டார் அனுப்பும் பிழையறிக்கைகளைப் பெறும் நகரமாகவும் மாறியுள்ளது.

மத்திய அரசு 2015-ல் திறந்த மூல மென்பொருள்களை ஏற்பதற்கான கொள்கையை அறிவித்தது. பிழை கண்ட அலுவலர் அதை மூலத்துக்கு அறிவிக்கும் பொழுதும் அலுவல் நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்பது அக்கொள்கையை நடைமுறைப்படுத்துவோர் எண்ண வேண்டியதாகும். மேலதிகாரியின் ஒப்புதலுக்கெனக் கோப்பு மாதக்கணக்கில் சுற்றிவருமானால், மறைவாக அறிவிக்க வேண்டிய செய்தியை அதற்குள் பலர் அறிந்துவிடுவர்.

திருத்தம் வெளிவந்தபின் வேலை முடிந்துவிடுவதில்லை. அறிவித்தவர் அளித்த அச்சிறு கோப்பு, நூலகத்தின் சோதனைத் தொகுப்பில் சேர்க்கப்படும். இனி ஒவ்வொரு பதிப்பும் வெளிவருமுன் அதைக்கொண்டு சோதிக்கப்படும். அலுவலகத்திலோ, அந்நூலகத்தின் பழைய படிகள் எங்கெங்கே ஒட்டிக்கொண்டுள்ளன என்று தேட வேண்டியிருக்கும். மையச் சேவைக் கணிப்பொறியில் புதிய பதிப்பு வந்திருக்கும். ஆனால், ஒப்பந்தக்காரர் ஒருவர் சில ஆண்டுகளுக்குமுன் எழுதிக் கொடுத்த நிரலினுள், வேறு பெயரிட்ட அடைவில், பழைய படி ஒன்று கிடக்கும். பயன்படுத்தும் நூலகங்கள் அனைத்தின் பெயரையும் பதிப்பெண்ணையும் பொருளிருப்புப் பதிவேடு போல எழுதிவைத்த அலுவலகங்களில் இத்தேடல் ஒரு மணி நேர வேலை. பதிவேடு இல்லாத இடங்களில், பழைய படி இருப்பதே அடுத்த தணிக்கை வரை தெரியாது.